பனோலி நாராயணன் சொல்லாத வாக்கு

என் மூத்தாரின் கோட்டு கிடைத்த அன்று நாங்கள் ராஜ்மா உரித்துக்கொண்டிருந்தோம்.

மூத்தாரின் மனைவி, என் ஓரகத்தி ஷுக்ரியும் நானும் முற்றத்தில் காய்ந்த கொடிகளைக் குவித்துப் போட்டு எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம். மழை ஓய்ந்து, மலைக்கு மேலே வானம் கழுவி விட்டதுபோல் இருந்தது. கடைசி ஆப்பிள் லாரியும் போய்விட்டதால் ஊரில் ஆண்களுக்கு வேலை குறைவு. என் வீட்டுக்காரர் ஹுகம் மட்டும், ஆட்டுக்காரர்கள் சொல்லியனுப்பினார்கள் என்று கணவாய்ப் பக்கம் ஏறிப் போயிருந்தார். எதற்கு என்று கேட்டதற்கு, "போய்ப் பாத்துட்டு வர்றேன்" என்பதோடு நிறுத்திக்கொண்டார்.

அன்று மதியம் அவர் திரும்பி வந்தார். முதுகில் ஒரு மூட்டை. வழக்கமாக வாசலுக்கு வரும்போதே தேநீர் கேட்பவர், கல் சுவரில் உட்கார்ந்து மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு தரையையே பார்த்தார்.

"அண்ணி," என்றார். "இந்த வருஷம் பனி சரியா விழல இல்லையா? கணவாய்க்குக் கீழ, எப்பவும் உருகாத அந்தப் பனிப்பாறை, பாதிக்கு மேல போயிடுச்சு. அங்க ஒரு பாறை இடுக்குல..."

 மூட்டையை அவிழ்த்து, மேலே இருந்ததை மட்டும் எடுத்து நீட்டினார். சாம்பல் நிறக் கம்பளிக் கோட்டு. ஊறி, காய்ந்து, பலகைபோல் விறைத்திருந்தது. கீழே இருந்ததைத் துணியால் மூடி வைத்துக்கொண்டார்.

ஷுக்ரி கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு கோட்டை வாங்கினாள். முழங்கையில் ஒரு சிவப்பு ஒட்டு. அதை விரலால் தடவிப் பார்த்தாள்.

"என் தையல்தான்," என்றாள். "எவ்வளவு கோணலா இருக்கு பாரு. 'ஆட்டுக்குக் காது குத்தின மாதிரி தைக்கிறியே'ன்னு கேலி பண்ணுவாரு."

கோட்டை மடித்துப் பக்கத்தில் வைத்தாள். பிறகு மறுபடியும் ராஜ்மா உரிக்கத் தொடங்கினாள். குவியல் தீரும்வரை உரித்தாள். எனக்குக் கை ஓடவில்லை.

என் வீட்டுக்காரரின் அண்ணன், மூத்தார் துளேராமை நான் சில மாதங்கள்தான் பார்த்திருக்கிறேன். நான் இந்த வீட்டுக்கு மருமகளாக வந்த வருஷத்திலேயே அவர் போய்விட்டார். நாய் குரைப்பதற்கு முன்பே அவர் சிரிப்பு கேட்கும், அப்படி ஒரு ஆள். கோடையில் ஆடுகளை மேலே ஓட்டிப் போய், குளிருக்கு முன்னால் இறக்கிக்கொண்டு வருவார்கள். அந்த வருஷம் பனி சீக்கிரம் வந்துவிட்டது. கூட இருந்த இரண்டு பேர் மந்தையோடு கணவாயைத் தாண்டிவிட்டார்கள். ஒரு நொண்டி ஆடு பின்தங்கியது என்று மூத்தார் திரும்பிப் போனார். "நீங்க இறங்குங்க, நான் பின்னாலயே வர்றேன்" என்று சொன்னாராம். அதுதான் அவர் பேசியதாக யாருக்கும் தெரிந்த கடைசிப் பேச்சு.

வசந்தத்தில் போய்த் தேடினார்கள். ஒன்றும் கிடைக்கவில்லை.

அந்த மாதங்களில் ஷுக்ரி ஆற்றைப் பார்த்தபடியே இருப்பாள். விறகுக்குப் போனாலும், புல்லுக்குப் போனாலும் பாலத்தில் நின்றுவிடுவாள். வீட்டுப் பெண்கள் முறை வைத்து அவளோடு போனோம். புதுப்பெண்ணான எனக்கு அவளிடம் பேசவே பயம். அவள் தலைத்துணியின் ஓரத்தை விடாமல் பிடித்துக்கொண்டு கூடவே நடப்பேன், கன்றுக்குட்டிபோல.

கடைசியில் மாமனார் பேலுராம் அவளைப் பனோலிக்குக் கூட்டிப் போனார். பனோலி அவள் பிறந்த ஊர். அங்கே கோபுரக் கோயிலில் இருக்கும் நாராயணனிடம் சுற்றுவட்டாரமே குறி கேட்கப் போகும். நாராயணன் இறங்கிப் பேசுவது ஷுக்ரியின் அண்ணன் நோக்ராம் மேல். அவர்தான் சாமியாடி. அன்றைக்குக் கிடைத்த வாக்கு இது: "பனிக்கு அந்தப் பக்கம் இருக்கான். வருவான்."

அவர்கள் திரும்பி வந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. மாமனார் கீழ்த் தெருவிலிருந்தே கத்திக்கொண்டு வந்தார். "பெரியவன் இருக்கான்! நாராயணனே சொல்லிட்டான்!" அன்று ஷுக்ரி உட்கார்ந்து சாப்பிட்டாள். மறுநாள் பாலத்தை நிற்காமல் கடந்தாள்.

அதன் பிறகு அவள், எங்கள் பக்கம் சுமங்கலிகள் போடும் புல்லாக்கை மூக்கிலிருந்து கழற்றவில்லை. மூத்தாருக்குக் காரியமும் செய்யவில்லை. நல்ல இளமையில் இருந்தாள். பிள்ளை இல்லை. பக்கத்துப் பள்ளத்தாக்கிலிருந்து ஜீப் ஓட்டும் ஒருவர், மனைவியை இழந்தவர், ஆள் மூலம் கேட்டனுப்பினார். நல்ல மனிதர் என்று எல்லோரும் சொன்னார்கள். கேட்க வந்தவரிடம் ஷுக்ரி, "என் புருஷன் திரும்பி வந்து நீ யாருன்னு கேட்டா, ஹார்ன் அடிச்சுக் காட்டுவாரா உங்க ஆளு?" என்றாள். அவர் தேநீரைக்கூடக் குடிக்காமல் போய்விட்டார்.

மாமனாரின் கதை வேறு. ஒவ்வொரு வருஷமும் மந்தைகள் இறங்கும் பருவத்தில் அவர் வறுத்த பார்லி மாவும் தேயிலையும் கட்டிக்கொண்டு, கணவாய்க்குக் கீழே ஒரு தட்டைப் பாறை இருக்கிறது, அங்கே போய் உட்கார்ந்துவிடுவார். இறங்கி வருகிற ஒவ்வொருவரிடமும், "என் பெரியவனைப் பாத்தீங்களா?" என்று கேட்பார். முதலில் சிரித்தார்கள். பிறகு அவருக்கென்று பால் கறந்து கொடுத்துவிட்டுப் போனார்கள். ஒரு வருஷம் குளிரில் கால்விரல்கள் செத்துப்போயின. "விரல் போனா என்னம்மா, செருப்பு சுலபமா நுழையும்" என்று என்னிடம் சிரித்தார். நான்தான் அந்தக் காலுக்கு நெய் தடவுவேன். எனக்கு அப்பா இல்லை. புகுந்த வீட்டில் என்னை முதலில் பேர் சொல்லிக் கூப்பிட்டவர் அவர்.

கடைசியாகப் போனபோது பனியில் மாட்டிக்கொண்டார். ஹுகம் முதுகில் சுமந்துகொண்டு வந்தார். அந்தக் குளிர்காலத்தை மாமனார் தாண்டவில்லை. "கதவைச் சாத்தாதீங்க, அவன் வர்ற நேரம்" என்று சொல்லிக்கொண்டே போனார். ஷுக்ரி அப்போது சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றாள். துக்கம் தாங்கவில்லை என்று நினைத்தேன்.

எலும்புகளுக்குத் தீ வைப்பதற்கு முன்னால் பனோலி போக வேண்டும் என்று ஷுக்ரி சொன்னபோது ஹுகமுக்குக் கோபம் வந்தது.

"இன்னும் அங்க என்ன இருக்கு அண்ணி? சொன்னது நடக்கலன்னு நாராயணன்கிட்ட சண்டை போடப் போறீங்களா?"

"கேக்க வேண்டியது ஒண்ணு பாக்கி இருக்கு தம்பி. கேட்டுட்டு வந்துடறேன். நீ விறகைத் தயாரா வை."

தனியாக விட மனமில்லாமல் நான் கூடக் கிளம்பினேன். எலும்பு மூட்டையை வீட்டுக்கு வெளியே வால்நட் மரத்தில் கட்டித் தொங்கவிட்டோம். கோட்டை மட்டும் ஒரு போர்வையில் சுற்றி அவள் முதுகில் கட்டிக்கொண்டாள்.

பனோலிக்கு, பஸ் நிற்கிற இடத்திலிருந்து இன்னொரு பாலத்தைக் கடந்து, கருவாலி மரக் காட்டுக்குள் ஏற வேண்டும். பாதி வழியிலேயே எனக்கு மூச்சு வாங்கியது.

"ரெண்டு பிள்ளை பெத்தவ, ஒரு மலை ஏற முடியலையா?" என்றாள் ஷுக்ரி.

"பெத்ததாலதான் ஏற முடியல. உனக்கென்ன, இடுப்பு அப்படியே இருக்கு."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவள் முன்னால் நடந்தாள். கொஞ்ச தூரம் போனதும், "இருந்து என்ன செய்ய" என்றாள், பாதையைப் பார்த்தபடி.

காடு முடிகிற வளைவில் கோபுரக் கோயிலின் தலை தெரிந்தது. கல் ஒரு வரிசை, தேவதாரு உத்தரம் ஒரு வரிசை என்று ஆணியே இல்லாமல் அடுக்கிக்கொண்டே போன கோபுரம். உச்சியில் மட்டும் நான்கு பக்கமும் மரத் தாழ்வாரம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். எப்போதோ வந்த நில நடுக்கத்தில் ஊர்ப் பக்கமாகக் கொஞ்சம் சாய்ந்துவிட்டது. நடு உயரத்தில் இருக்கிற வாசலுக்கு, படி வெட்டிய ஒற்றை மரத்தைச் சாய்த்து வைத்திருப்பார்கள். அதில் பூசாரியும் சாமியாடியும் மட்டும்தான் ஏறலாம். அண்ணன் பொடியனாக இருக்கும்போது அதில் ஏறி அப்பாவிடம் அடி வாங்கினான் என்று ஷுக்ரி முன்பு எப்போதோ சொல்லியிருக்கிறாள்.

ஊர்த் தண்ணீர்க் குழாயில் பெண்கள் கூட்டமாக இருந்தார்கள். ஒருத்தி ஷுக்ரியோடு சேர்ந்து ஆடு மேய்த்தவள்.

"அடியே ஷுக்ரியா? புருஷன் வந்தாத்தான் பொறந்த ஊரை மிதிப்பேன்னு சபதமா? இத்தனை வருஷமா ஆளையே காணோம்!"

"வந்துட்டாருடி," என்றாள் ஷுக்ரி. தோளைக் குலுக்கி முதுகு மூட்டையைக் காட்டினாள். "சுமந்துக்கிட்டு வந்திருக்கேன்."

அவர்கள் சிரித்தார்கள். பிறகு, போர்வைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த அந்தக் கோட்டுக் கையைப் பார்த்தார்கள். குடத்தில் தண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது, யாரும் குழாயை மூடவில்லை.

செய்தி எங்களுக்கு முன்னால் கோயிலுக்குப் போய்விட்டது. முற்றத்து வாசலில் தர்மகர்த்தா சேத்ராம் கையை விரித்து மறித்தார்.

"உள்ள வராதம்மா. சாவுத் தீட்டு."

"எந்தச் சாவு, சித்தப்பா?"

"என்ன கேள்வி இது? உன் புருஷன் கோட்டு கிடைச்சிருக்குன்னு சொல்றாங்க."

"என் புருஷன் உயிரோட இருக்காருன்னு நாராயணன் சொன்னான். இதே முத்தத்துல. நீங்களும் நின்னு கேட்டீங்க. அவன் அந்த வாக்கைத் திருப்பி எடுத்துக்கற வரைக்கும் எனக்கு ஏது தீட்டு?"

சேத்ராம் விரித்த கையைத் தாழ்த்தினார். பின்னால் நின்ற கொம்பு ஊதுகிறவர், "அவ சொல்றதும் சரிதானேப்பா" என்று முனகினார். கடைசியில் கோட்டை வெளியே வேலியில் வைத்துவிட்டு உள்ளே போகலாம் என்று முடிவானது. ஷுக்ரி அதை வேலியில் மாட்டி, காற்றில் விழாமல் கையைக் கம்பத்தோடு முடிந்து வைத்தாள்.

நோக்ராம் அண்ணன் மேலிருந்து அந்த ஒற்றை மரத்தில் இறங்கி வந்துகொண்டிருந்தார். சாமியாடி முடி வெட்டக்கூடாது, வெளியார் கையால் சாப்பிடக்கூடாது, தோல் செருப்புப் போடக்கூடாது. இளம் வயதிலிருந்து அப்படியே வாழ்ந்தவர். தொப்பிக்குள் சுருட்டி வைத்த முடி முழுக்க வெளுத்திருந்தது. பாதி இறங்கியவர் தங்கையைப் பார்த்தார். வேலியில் தொங்கியதைப் பார்த்தார். கடைசிப் படியில் கால் வழுக்கி, மரத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டார்.

"எப்ப வந்த?"

"இப்பத்தான்."

"சாப்பிட்டியா?"

"குறி கேட்டுட்டுச் சாப்பிடறேன் அண்ணா."

அவர் தலையை ஆட்டினார். போய்க் கல்லின்மேல் உட்கார்ந்தார். ஜூனிபர் தழையைத் தணலில் போட்டார்கள். புகை எழுந்தது. முரசு தொடங்கியது. ஷுக்ரி எதிரே மண்டியிட்டு, எல்லோரும் கேட்பதுபோலவே கேட்டாள்.

"நாராயணா, என் புருஷன் எங்க?"

முரசு வேகம் பிடித்தது. பனோலி நாராயணன் இறங்க நேரமாகாது. அண்ணனின் முழங்கால்கள் முதலில் நடுங்கும், பிறகு தோள், பிறகு தொப்பி பறக்கும் என்று நானே ஒருமுறை பார்த்திருக்கிறேன். இன்று அவர் கண்ணை மூடி அசையாமல் இருந்தார். புகை கலைந்தது. மறுபடியும் தழை போட்டார்கள். முரசடிப்பவருக்கு வியர்த்தது. சேத்ராம், "இன்னும் ஓங்கி அடி" என்றார்.

அண்ணன் தொப்பியைக் கழற்றினார். வெள்ளை முடி தோளில் விழுந்தது. சாமி வந்துவிட்டது என்று எல்லோரும் குனிந்தோம். அவர் கையைத் தூக்கி முரசை நிறுத்தச் சொன்னார்.

"வரல," என்றார்.

முரசடிப்பவர் கோலைக் கீழே வைத்தார்.

"இப்ப வரல. அன்னைக்கும் வரல." அவர் குரல் சாதாரணமாக இருந்தது. வயலில் நின்று பேசுகிற குரல். "அன்னைக்கும் இதே மாதிரி முரசு அடிச்சாங்க. உடம்பு கல்லு மாதிரி கிடந்துது. நீ எதிர்ல உக்காந்திருந்த. நீ வர்ற வழியிலேயே பாலத்துல ரெண்டு தடவை நின்னுட்டேன்னு உன் மாமனார் என்கிட்ட சொல்லியிருந்தாரு. சாமி வரலன்னு சொன்னா நீ திரும்பிப் போற வழியில அந்தப் பாலம் இருக்கு. நானே ஆடினேன். நானே சொன்னேன்."

"நோக்ராம்!" என்று சேத்ராம் கத்தினார். "என்ன பேசறேன்னு தெரிஞ்சுதான் பேசறியா?"

"தெரிஞ்சுதான் பேசறேன்."

நான் ஷுக்ரியைப் பார்த்தேன். அவள் எழுந்து அவர்மேல் பாய்வாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று நினைத்தேன். அவள் மண்டியிட்டபடியே இருந்தாள்.

"எனக்குத் தெரியும் அண்ணா," என்றாள்.

அவர் நிமிர்ந்தார்.

"நாராயணன் யாரையும் பேர் சொல்லிக் கூப்பிட மாட்டான். ராஜா வந்தாலும் 'ஏ மனுஷா'தான். அன்னைக்கு நீ முதல்ல என்ன சொன்ன தெரியுமா? 'ஷுக்கு, அழாத'ன்னு சொன்ன. முரசுச் சத்தத்துல வேற யாருக்கும் கேக்கல. என்னை ஷுக்குன்னு கூப்பிடறது உலகத்துல நீ ஒருத்தன்தான்."

"தெரிஞ்சுமா..." அவர் கல்லிலிருந்து பாதி எழுந்தார். "தெரிஞ்சுமா இத்தனை வருஷம்?"

"எனக்கு அது வேண்டியிருந்துது. பொய்யின்னு தெரிஞ்சேதான் வாங்கிக்கிட்டேன். நீ கொடுத்த, நான் எடுத்துக்கிட்டேன். அந்தப் பொய் நம்ம ரெண்டு பேரோட போயிருந்தா நான் இன்னைக்கு இங்க வந்திருக்கவே மாட்டேன். வீட்டிலேயே எரிச்சுட்டு உக்காந்திருப்பேன்." அவள் கையைத் தரையில் ஊன்றிக்கொண்டாள். "ஆனா அன்னைக்கு எனக்குப் பக்கத்துல இன்னொருத்தர் நின்னாரு அண்ணா. அவர் கேட்டது உன் குரல் இல்ல. அவருக்கு அது நாராயணன் வாக்கு. அதை நம்பி வருஷா வருஷம் அந்தப் பாறையில போய் உக்காந்தாரு. கால்விரல் போச்சு. அப்புறம் ஆளே போயிட்டாரு. நான் பார்லி மாவை வறுத்துக் கட்டிக் கொடுத்து அனுப்பினேன். ஒவ்வொரு தடவையும் நான்தான் கட்டிக் கொடுத்தேன்."

எனக்குக் கோயில் முற்றம், அந்நிய ஊர், சுற்றிலும் ஆண்கள் என்பதெல்லாம் மறந்து போயிற்று.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அக்கா!" என்றேன். "மாமாகிட்ட ஒரே ஒரு வார்த்தை!"

"சொன்னா அன்னைக்கே உன் மூத்தார் செத்திருப்பாரு ரேஷ்மு."

"செத்துத்தானே போயிருந்தாரு!"

நான் கத்தியது கோபுரத்துச் சுவரில் பட்டுத் திரும்பியது. ஷுக்ரி தலையைக் குனிந்துகொண்டாள். அதன் பிறகு அங்கே அவள் என்னைப் பார்த்துப் பேசவில்லை.

ஊர்ப் பெரியவர்கள் கோபுரத்தின் நிழலில் கூடினார்கள். சாமி பேரில் பொய் சொன்ன சாமியாடிக்கு என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை, அப்படி ஒன்று நடந்ததாக அங்கே யாருக்கும் நினைவில்லை. ஊரைவிட்டே துரத்த வேண்டும் என்றார் ஒருவர். கொம்பு ஊதுகிறவர் எழுந்து நின்றார். அவர் முகம் வேறு மாதிரி ஆகிவிட்டது.

"என் பொண்ணை அந்த மலைக்கு அப்பால கட்டிக் கொடுன்னு சொன்னது யாரு? நாராயணனா, இவனா? அவ அங்க படற பாடு உங்களுக்கே தெரியும்."

உடனே ஒவ்வொருவராகக் கேட்க ஆரம்பித்தார்கள். வழக்குக்குப் போகாதே என்றது யார்? என் தம்பிக்கு ஆபரேஷன் வேண்டாம் என்றது யார்?

"அந்த ஒண்ணுதான்," என்றார் அண்ணன், திரும்பத் திரும்ப. "அது ஒண்ணுதான் நான் சொன்னது. மத்தது எதுவும் எனக்கு நினைவே இல்ல, நாராயணன் மேல சத்தியம்." நாராயணன் மேல் அவர் செய்கிற சத்தியத்தை எப்படி எடுத்துக்கொள்வது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. சிலர் அழுதார்கள்.

முடிவில், அவர் இனிமேல் கோபுரத்தில் ஏறக்கூடாது, முடியை எடுத்துவிட வேண்டும், நாராயணன் வேறு ஆளைக் காட்டும்வரை குறி கிடையாது என்று தீர்மானித்தார்கள். ஆனால் அந்த முடியைத் தொட ஒருவரும் முன்வரவில்லை. இத்தனை வருஷம் சாமி இருந்த முடி. கத்தரியைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

ஷுக்ரி போய் வாங்கினாள். ஆட்டு ரோமம் வெட்டுகிற கத்தரி.

"அண்ணா, தலையைக் குனி."

அவர் குனிந்தார். அவள் ஒரு கையால் முடியைச் சேர்த்துப் பிடித்து, மறு கையால் வெட்டினாள். "வலிக்குதா?" என்று ஒருமுறை கேட்டாள். அவர் இல்லை என்று தலையாட்டினார். "ஆட்டாத, காது போயிடும்" என்றாள். வெட்டி முடித்ததும் அந்தத் தலை எவ்வளவு சின்னதாக இருந்தது. அவர் கைகளை மடியில் வைத்துக்கொண்டு, பள்ளிக்கூடத்துக்குப் போகப்போகிற பையன்போல் உட்கார்ந்திருந்தார்.

அன்றே கிளம்பினோம். பாலத்தில் நின்று முடியை ஆற்றில் விட்டாள். பிறகு மூக்கிலிருந்து புல்லாக்கைக் கழற்றப் பார்த்தாள். இத்தனை வருஷத்தில் அது சதையோடு ஒட்டிப்போயிருந்தது. அவளால் முடியவில்லை. என்னைப் பார்த்தாள். கேட்கவில்லை. நான் திருகினேன். ரத்தம் வந்தது. அவள் முகத்தைச் சுளிக்கவில்லை. நான் அதை அவள் உள்ளங்கையில் வைத்தேன்.

மறுநாள் ஆற்றங்கரையில் மூத்தாருக்கு ஹுகம் தீ வைத்தார். கோட்டையும் அதிலேயே போட்டார்கள். கம்பளி எரிகிற நாற்றம் கரை முழுக்கப் பரவியது. மாமனாருக்கு முன்பே எல்லாம் செய்தாகிவிட்டது, ஆனாலும் ஷுக்ரி இரண்டு பிண்டம் வைக்கச் சொன்னாள். பூசாரி ஏன் என்று கேட்டார். "அவரு மகன் இருக்கான்னு நினைச்சுக்கிட்டே போனவரு. இன்னைக்குத்தான் அவருக்கு உண்மை தெரியும்" என்றாள்.

வீட்டுக்கு வந்து ஹுகமிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் வெகுநேரம் கோடரிக் காம்பைத் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

"அண்ணி சாகாம இருந்தாங்க," என்றார் கடைசியில். "அப்பா செத்துட்டாரு. ரெண்டையும் ஒரே தராசுல வைக்க என்னால முடியல ரேஷ்மு. நீ வச்சுப் பாத்தா எனக்குச் சொல்லாத."

நான் வைத்துப் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன். அடுப்பு மூட்டும்போதும், சாணி அள்ளும்போதும். ஒரு நாள் ஷுக்ரி பக்கம் சாயும், அந்தப் பாலத்தில் நான் பிடித்துக்கொண்டிருந்த தலைத்துணி நினைவுக்கு வரும். மறுநாள் அந்தக் கறுத்த கால்விரல்கள் வரும். வேலைக்கு வேண்டிய பேச்சைத் தவிர அவளிடம் பேசுவதை நிறுத்தினேன். அக்கா என்று கூப்பிடுவதையும் நிறுத்தினேன். அவள் முன்பைவிட அதிகமாக உழைத்தாள். புல்லுக்கட்டை என் முறை நாளிலும் அவளே சுமந்து வந்தாள்.

முதல் பனி விழுந்த அன்று நூல் நூற்றுக்கொண்டே சொன்னாள். "திட்டிடு ரேஷ்மு. நீ பேசாம இருந்தா வீடு ரொம்பப் பெருசா இருக்கு."

நான் எழுந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டேன்.

மாசி பிறப்பதற்கு முன்னால், பாதை கொஞ்சம் திறந்திருந்த ஒரு நாள், நோக்ராம் அண்ணன் எங்கள் வீட்டுக்கு வந்தார். முழங்கால்வரை பனியில் நடந்து வந்திருந்தார். காதுவரை இழுத்துவிட்ட கம்பளித் தொப்பி, அதற்குக் கீழே இப்போதுதான் முளைக்கிற வெள்ளை முடி. பனோலியில் அவரோடு பேசுகிறவர்கள் பாதிப் பேர்தான் என்றார், ஷுக்ரி கேட்டபோது. நாராயணன் இன்னும் வேறு யாரையும் காட்டவில்லையாம். முரசு சும்மா கிடக்கிறதாம்.

சாமியாடியாக இருந்தவரை அவர் தங்கை வீட்டில்கூட ஒரு வாய் தண்ணீர் குடித்ததில்லை. இப்போது சாப்பிடலாம். நான் வால்நட்டும் கசகசாவும் அரைத்து உள்ளே வைத்து ரொட்டி அவித்தேன். விருந்தாளிக்கு அதுதான் எங்கள் வழக்கம், கோபம் இருந்தாலும் இல்லாவிட்டாலும்.

அவர் உள்ளே வந்து குளிரில் நடுங்கிக்கொண்டே அடுப்புக்கு இடப்பக்கம், தூணில் சாய்ந்து உட்கார்ந்தார்.

அது மாமனாரின் இடம். அவர் போன பிறகு அங்கே யாரும் உட்காருவதில்லை. குழந்தைகள்கூட விளையாட்டில் அந்தப் பக்கம் போனால் விலகிவிடுவார்கள். அண்ணனுக்கு அது தெரியாது. ஹுகம் என்னைப் பார்த்தார். ஷுக்ரி கையில் தண்ணீர்ச் செம்போடு அப்படியே நின்றாள். எழுந்திருங்க, அங்க உக்காராதீங்க என்று சொல்ல எனக்கு வாய் வரை வந்தது.

அவர் ஈரமான காலுறைகளைக் கழற்றி, கால்களை நெருப்புப் பக்கம் நீட்டினார். விரல்கள் நீலம் பாரித்திருந்தன. "பாதை ரொம்ப மோசம்மா," என்றார் என்னிடம். "மன்னிச்சுடுன்னு கேக்கத்தான் வந்தேன். கேக்கலாமான்னு தெரியல."

"முதல்ல சாப்பிடுங்க," என்றேன்.

தட்டை அங்கேயே, அவர் முன்னால் வைத்தேன். அவர் ரொட்டியைப் பிட்டு, அடுத்தவர் வீட்டில் எப்படிச் சாப்பிடுவது என்று மறந்துபோனவர்போல் தயங்கித் தயங்கிச் சாப்பிட்டார். அந்த ரொட்டிக்கு நெய் வைக்க மறந்திருந்தேன். அலமாரியில் தேடினேன், கிடைக்கவில்லை.

"நெய்யை எங்க வச்ச அக்கா?" என்றேன்.

ஷுக்ரி செம்பைக் கீழே வைத்துவிட்டு எடுத்துவரப் போனாள்.